வாசகர் கேள்வி – பதில்: குரங்கின் மூக்கில் இருந்தது யாருடைய தடிமன்?

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, வெவ்வேறு ஊர்களில் இருந்து எழுதப்பட்டவையாயினும், குரங்குகளையும் தடிமனையும் பற்றியே கேட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் காரணம், குழந்தைகளுக்கு மூச்சு நோய் தரும் ஒரு வைரசு முதலில் குரங்குகளில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று சமூக ஊடகக் குழுக்களில் சுற்றிவந்த செய்திதான் என்று எண்ணுகிறேன்; உவர்மலையிலிருந்து வந்த கேள்வி அதைப் பற்றியதே. ஆகவே அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனது பேத்திக்கு ஐந்து மாதம். சென்ற மாதம் மூச்சு இளைத்து, நெஞ்சு உள்வாங்கி, நான்கு நாட்கள் வைத்தியசாலையில் வைத்திருந்தோம். ‘ஆர்.எஸ்.வி.’ என்ற வைரசு என்றார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்து, அந்த வைரசு முதன்முதலில் ஆய்வுகூடக் குரங்குகளில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்றார். நாங்கள் வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள். வழியெல்லாம் குரங்குகள். இனிப் போகவே கூடாது என்று மருமகள் சொல்கிறாள். குரங்குதான் பிள்ளைக்குத் தந்ததா, ஐயா? (உவர்மலை வாசகி)

பதில்: இல்லை, அம்மா. பக்கத்து வீட்டுத் தம்பி படித்த செய்தி பொய்யில்லை. ஆனால் அதை அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

நடந்தது இது. அமெரிக்காவின் வால்டர் ரீட் இராணுவ ஆய்வு நிலையத்தில் வளர்க்கப்பட்ட சிம்பன்சிகளுக்கு 1950களின் நடுப்பகுதியில் தும்மலும் இருமலும் மூக்கொழுகலும் கண்டன. அவற்றின் மூக்குச் சளியிலிருந்து அதுவரை யாரும் அறியாத ஒரு வைரசை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து, 1956இல் அதைப் பற்றி எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சிம்பன்சித் தடிமன் காரணி’ என்பதாகும். அந்த விலங்குகளோடு வேலைசெய்த ஒருவருக்கும் தடிமன் பிடித்தது. அவருடைய இரத்தத்தில் அந்த வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள், அதாவது உடல் ஒரு கிருமியை எதிர்க்கத் தானே செய்துகொள்ளும் புரதங்கள், உயர்ந்திருந்தன. இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால் குரங்கு மனிதனுக்குத் தந்தது என்றுதான் தோன்றும். தம்பி இங்கேதான் நிறுத்தியிருக்கிறார் போலும்.

ஆனால் சிம்பன்சியைக் கண்ணாலும் கண்டிராத சாதாரண இளைஞர்களின் இரத்தத்தைப் பார்த்தபோது, அவர்களிற் பலரிடமும் அதே பிறபொருளெதிரிகள் முன்னமே இருந்தன. அடுத்த ஆண்டே, 1957இல், ரொபர்ட் சானொக் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பால்ட்டிமோர் நகரில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த குழந்தைகளிடமிருந்து எடுத்த வைரசு, சிம்பன்சியின் வைரசேதான் என்று கண்டார்கள். வளர்ப்புக் கிண்ணத்தில் அது அயற் கலங்களை ஒன்றோடொன்று உருக்கிச் சேர்த்து, பல கருக்களைக் கொண்ட ஒரே திணிவாக்கிவிடும். அத்தகைய திணிவுக்கு ஆங்கிலத்தில் ‘சின்சிஷியம்’ என்று பெயர்; அந்தக் குணத்தை வைத்துத்தான் ‘ஆர்.எஸ்.வி.’ என்று இன்று சுருக்கிச் சொல்லப்படும் ‘ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரசு’ என்ற பெயர் பிறந்தது. சிம்பன்சியின் பெயர் உதிர்ந்து போயிற்று. உண்மையில் அது மனிதக் குழந்தைகளின் வைரசு. இரண்டு வயது நிறைவதற்குள் அனேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருமுறையேனும் அது வந்துவிடும். பெரியவர்களுக்கு வெறும் தடிமனாகத் தெரிவது, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் மிகச் சிறிய மூச்சுக்குழாய்களில் வீக்கமும் சளியுமாக அடைத்துக்கொள்கிறது. அந்தச் சிம்பன்சிகளுக்கும் அது பெரும்பாலும் மனிதரிடமிருந்தே போயிருக்க வேண்டும்.

இது கூண்டுக்குள் மட்டும் நடப்பதுமன்று. மேற்கு ஆபிரிக்காவில், ஐவரி கோஸ்ட் நாட்டின் ‘தாயி’ (Taï) என்ற வனத்தில், ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து பழக்கப்படுத்திய சிம்பன்சிக் கூட்டங்களில் 1999க்கும் 2006க்கும் இடையில் பலமுறை மூச்சு நோய் பரவி, பல விலங்குகள் இறந்தன. இறந்தவற்றின் நுரையீரலில் இருந்தவை மனித ஆர்.எஸ்.வி.யும் அதன் உறவினமான மனித மெற்றாநியுமோ வைரசும். அவற்றின் பின்னால் நுழைந்த பற்றீரியாக்கள் மிகுதியை முடித்திருந்தன. அந்தக் காட்டைக் காப்பாற்றப் போனவர்களே நோயையும் கொண்டுபோனார்கள் என்பதை 2008இல் வெளியான அந்த ஆய்வு மூடிமறைக்காமல் எழுதியது. அதே ஆய்வு, ஆய்வாளர்கள் இருந்த இடங்களில் வேட்டைக்காரர் நெருங்காததால் சிம்பன்சிகள் கூடுதலாகப் பிழைத்திருந்தன என்பதையும் சொன்னது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

உங்கள் பேத்திக்கு அதைத் தந்தவர், தடிமனோடு வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிய ஒருவராகவோ, பாடசாலையிலிருந்து மூக்கொழுக வந்த ஓர் அண்ணனாகவோ அக்காவாகவோதான் இருப்பார். கோயிலுக்குப் போங்கள். பிள்ளையைத் தூக்குமுன் எல்லோரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவட்டும். தடிமன் உள்ளவர் யாராயினும் இரண்டொரு கிழமை பிள்ளையை முத்தமிடாமல் இருக்கட்டும்.

கேள்வி: ஆய்வுகூடக் குரங்குகள் பூட்டிய அறைகளில், பரிசோதித்த உணவோடு வளர்வன. அப்படியிருக்க மனிதரின் வைரசு எப்படி உள்ளே போகிறது? போனால்தான் என்ன, தடிமன் தானே? (தம்பலகாமம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: பூட்டைத் திறக்கிறவரோடு போகிறது, ஐயா. உணவு வைக்கவும் கூடு கழுவவும் ஊசி போடவும் ஒரு மனிதர் நாள்தோறும் போயாக வேண்டும். ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்கு அதே காற்று. ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து முதல் பதினைந்து தடவை அறைக்காற்று முழுவதும் மாற வேண்டும் என்பது இத்தகைய இடங்களில் பொதுவான அளவு. ஆனால் ஒரு முழத் தூரத்தில் நின்று இருமுகிறவரை எந்தக் காற்றாடியும் முந்த முடியாது.

இதற்குப் பழைய, தெளிவான சான்று சின்னமுத்து. சின்னமுத்து அணையாமல் ஒரு கூட்டத்துக்குள்ளேயே சுழன்றுகொண்டிருக்கச் சில இலட்சம் பேர் வேண்டும். நமது திருகோணமலை மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி இருந்தவர்கள் ஏறத்தாழ 379,000 பேர் என்றால், அந்த அளவைக் கற்பனை செய்துகொள்ளலாம். காட்டில் எந்தக் குரங்குக் கூட்டமும் அவ்வளவு பெரிதன்று. ஆகவே காட்டிலிருந்து நேரே பிடித்த ரீசஸ் குரங்குகளின் இரத்தத்தில் சின்னமுத்துக்கெதிரான பிறபொருளெதிரிகள் அனேகமாக இருப்பதில்லை. பிடித்து, கூண்டில் அடைத்து, மனிதர் நடுவே சில வாரம் வைத்திருந்துவிட்டு மறுபடி பார்த்தால் பெரும்பாலானவற்றில் இருக்கும். போலியோத் தடுப்பூசிக்காக இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு இலட்சத்துக்கு மேற்பட்ட ரீசஸ் குரங்குகள் ஏற்றப்பட்ட 1950களில் இது பலமுறை கண்டறியப்பட்டது.

‘தடிமன் தானே’ என்று கேட்டீர்கள். நான் முப்பது வருடம் மருத்துவ ஆய்வுகூடத்தில் மாதிரிகளோடு வாழ்ந்தவன் என்பதால், இந்த இடத்தில் சற்றுக் கூடுதலாக எழுத அனுமதி வேண்டும். புதிதாக வரும் குரங்குகளுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, மேற்கண்ணிமையின் தோலுக்குள் மிக நுண்ணிய ஊசியால், காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த ரியூபர்குலின் என்ற சாற்றை ஒரு துளி ஏற்றுவார்கள். கண்ணிமையைத் தேர்வதற்குக் காரணம், கூட்டைத் திறக்காமலும் விலங்கைப் பிடிக்காமலும் தள்ளி நின்றே பார்த்துவிடலாம் என்பதுதான்: முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று பணியாளர் கூட்டுக்கு முன்னால் நின்று இரண்டு கண்களையும் ஒப்பிடுவார், இமை வீங்கித் தொங்கினால் அந்த விலங்கு தனியறைக்குப் போகும். இப்போது அந்த அறைக்குள் யாரோ ஒருவர் மூலம் சின்னமுத்து நுழைந்துவிட்டது என்று வையுங்கள். சின்னமுத்து உடலின் எதிர்ப்பாற்றலைப் பல வாரங்களுக்கு அடக்கிவிடும். இமை வீங்குவது அந்த எதிர்ப்பாற்றலின் வேலையாதலால், காசநோய் உள்ள விலங்கின் இமையும் வீங்காது. இரண்டு கண்ணும் ஒரே மாதிரி விரிந்து பணியாளரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் ஏட்டில் ‘இல்லை’ என்று எழுதுவார், விலங்கு பொது அறைக்குப் போகும். மனிதரிலும் இப்படி நேர்வதை வியன்னாவின் மருத்துவர் வொன் பிர்க்கே 1908இலேயே எழுதி வைத்திருந்தார்.

இன்னொரு கேடு, ஆய்வே பொய்த்துப்போவது. ஒரு புதிய இன்புளுவன்சாத் தடுப்பூசியைச் சோதிக்கும் விலங்கு, சென்ற மாதம் தன் பணியாளரிடமிருந்தே இன்புளுவன்சாவைப் பெற்றுத் தேறியிருந்தால், அதன் இரத்தத்தில் காணும் எதிர்ப்பு ஊசியால் வந்ததா பணியாளரால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதைவிட வேடிக்கையான ஒன்றும் நடந்திருக்கிறது. குரங்குச் சிறுநீரகக் கலங்களில் 1950களில் கண்ட ஒரு வைரசுக்குக் ‘குரங்கு வைரசு 5’ என்று பெயரிட்டார்கள். பின்னர் தேடினால், புதிதாகப் பிடித்த குரங்குகளில் அதற்கான தடயம் இல்லை. அடைத்து வைத்தபின்தான் வருகிறது. இன்று அது பாராஇன்புளுவன்சா 5 என்று பெயர் மாறி, நாய்களின் இருமல் நோயோடு சேர்த்தே கூடுதலாகப் பேசப்படுகிறது.

தடுப்பு முறைகளைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் குரங்குகள் குறைந்தது 31 நாள் தனிமைப்படுத்தலில் இருக்க வேண்டும். நான் மேலே எழுதிய இமைச் சோதனை இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை நடக்கும். பணியாளர்கள் சின்னமுத்துத் தடுப்பூசி பெற்றவர்களாகவும் காசநோய் இல்லாதவர்களாகவும் இருத்தல் வேண்டும். தடிமன் உள்ளவர் அன்று உள்ளே போகக்கூடாது. முகக்கவசம், கையுறை, கண்ணையும் முகத்தையும் மறைக்கும் கண்ணாடித் திரை ஆகியவை கட்டாயம். அந்தத் திரைக்கு மட்டும் காரணம் எதிர்த்திசையானது. சில குரங்கினங்கள் ‘பி’ என்ற ஹெர்ப்பீஸ் வைரசைத் தமக்குப் பெரிய தீங்கின்றிச் சுமக்கின்றன. 1997இல் அமெரிக்க ஆய்வு நிலையமொன்றில் ஓர் இளம் பணியாளரின் கண்ணில் குரங்கின் உடல்நீர் தெறித்து, அவர் சில வாரங்களில் இறந்துபோனார்.

இவ்வளவையும் மீறி நோய் வந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் மருத்துவராக இருப்பது அரிது. குரங்கு தன் பலவீனத்தை வெளியே காட்டாத விலங்கு. ஆள் வரும் ஓசை கேட்டவுடன் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். காலையில் கூட்டின் அடித்தட்டை இழுத்துக் கழுவுகிறவர்தான், நேற்றுப் போட்ட உணவுக் கட்டிகளில் நான்கு கடிபடாமல் கிடப்பதையும், மூக்குத்துளையின் ஓரத்தில் காய்ந்த பொருக்கு ஒட்டியிருப்பதையும் முதலிற் காண்கிறார்.

கேள்வி: எல்லா மனித வைரசுகளும் எல்லாக் குரங்குகளுக்கும் தொற்றுமா? தொற்றாவிட்டால் ஏன்? (கிண்ணியா, உயர்தர உயிரியல் பிரிவு மாணவி)

பதில்: தொற்றாது, மகள். வைரசுக்கு ஒரு கலத்துக்குள் புக அந்தக் கலத்தின் மேற்பரப்பில் பொருத்தமான புரதம் ஒன்று வேண்டும். உங்கள் பாடநூலில் அதை வாங்கி என்று படித்திருப்பீர்கள். கொவிட்-19 வைரசு பற்றிக்கொள்ளும் வாங்கியில் அதன் பிடிக்கு முக்கியமான பன்னிரண்டு அமினோ அமிலங்கள், ஆசிய, ஆபிரிக்கக் குரங்குகளிலும் வாலில்லாக் குரங்குகளிலும் மனிதரில் இருப்பதைப் போலவே இருக்கின்றன; தென்னமெரிக்கக் குரங்குகளில் சில மாறியிருக்கின்றன. ஆகவே 2020இல் ரீசஸ் குரங்குகளைக் கொண்டு தடுப்பூசிகளை விரைவாகச் சோதிக்க முடிந்தது. 2021 ஜனவரியில் சான் டியேகோ விலங்குக் காட்சியகத்தின் சபாரிப் பூங்காவில் கொரில்லாக்களுக்குக் கொவிட் வந்ததும் அதே காரணத்தால்தான்.

சாதாரணத் தடிமனைத் தரும் ரைனோ வைரசுகளின் கதை வேறு. அவற்றிற் பெரும்பாலானவை பற்றும் வாங்கி, ரீசஸ் போன்ற குரங்குகளில் சற்றே மாறுபட்டிருப்பதால் அவற்றைப் பொதுவாகப் பற்றுவதில்லை, சிம்பன்சியைப் பற்றும். 1930இலேயே டோச்செஸ் என்பவரின் குழு, தடிமன் பிடித்த மனிதரின் மூக்குநீரைப் பற்றீரியா புகமுடியாத வடியினூடாக வடித்துச் சிம்பன்சிக்குக் கொடுத்துத் தடிமனை வரவழைத்தது. தடிமனுக்குக் காரணம் பற்றீரியா அன்று என்பதற்கு அது ஒரு முக்கிய சான்றாயிற்று. ரைனோ வைரசின் ‘சி’ வகைக்கு வேறொரு வாங்கி உண்டு. மனிதரிற் பலரிடம் அந்த வாங்கியின் பாதுகாப்பான வடிவம் இருக்கிறது. உகண்டாவின் கிபாலே வனத்தில் சோதிக்கப்பட்ட சிம்பன்சிகள் எல்லாவற்றிலும் எளிதிற் பற்றும் வடிவம் மட்டுமே இருந்தது. 2013இல் அங்கே 56 சிம்பன்சிகள் கொண்ட ஒரு கூட்டத்தில் ஐந்து, நமக்கு வெறும் தடிமனாகிய அந்த நோயால் இறந்தன.

ஒரு சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள். சிம்பன்சியும் கொரில்லாவும் வாலில்லாக் குரங்குகள். நமது ஊர்க் குரங்கும் மந்தியும் வேறு கிளையைச் சேர்ந்தவை. செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் ‘குரங்கு’ என்றே எழுதிவிடுவதால்தான் பாதிக் குழப்பம். ஆர்.எஸ்.வி. சிம்பன்சியில் நன்கு பெருகும், ரீசஸ் குரங்கில் மிகச் சொற்பமாகவே பெருகும். அதனால்தான் ஆர்.எஸ்.வி. தடுப்பூசிக்கான வேலை நெடுங்காலம் சிம்பன்சியைச் சார்ந்திருந்தது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவகம் சிம்பன்சிகளில் மருத்துவ ஆய்வுக்கு ஆதரவளிப்பதை 2015இல் நிறுத்திக்கொண்டது. நிறுத்தியது சரியே என்பது எனது எண்ணம்.

கேள்வி: எங்கள் தென்னையில் குரும்பையைக்கூட விட்டுவைக்காத குரங்குகளை 2023இல் சீனாவுக்கு ஏற்றப்போவதாகச் சொன்னார்கள். பிறகு பேச்சில்லை. ஆய்வுகூடத்துக்குத்தான் கேட்டார்கள் என்று இங்கே கதைத்தார்கள். போயிருந்தால் அவை இங்கிருந்து நோய் கொண்டு போயிருக்குமா? (மூதூர் விவசாயி)

பதில்: ஒரு இலட்சம் குரங்குகளை அனுப்பும் யோசனையை 2023 ஏப்ரலில் அன்றைய விவசாய அமைச்சர் வெளியிட்டார், சீன விலங்குக் காட்சியகங்களுக்கு என்றே அப்போது சொல்லப்பட்டது. சூழலியல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. அனுப்பப் போவதில்லை என்று அவ்வாண்டின் நடுப்பகுதியில் அரச தரப்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தெரிவித்ததோடு விடயம் முடிந்தது. தலையில் தொப்பி கவிழ்த்தாற்போல மயிர் படிந்த அந்தச் செங்குரங்கு இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது. உலக அளவில் அருகிவரும் இனமாகவும் பட்டியலிடப்பட்டுள்ளது. உங்கள் குரும்பைக் கணக்கை அந்தப் பட்டியல் ஈடுசெய்யாது என்பதையும் அறிவேன். ஆய்வுகூடங்கள் வழமையாகக் கேட்பது ரீசஸ் குரங்கையும் நீள்வால் குரங்கையும், செங்குரங்கை அன்று. ஆயினும் சீனா 2020இல் தன் குரங்கு ஏற்றுமதியை நிறுத்தி உலகெங்கும் ஆய்வுக் குரங்குகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டிருந்த வேளையில், மக்கள் அப்படிச் சந்தேகித்ததில் வியப்பில்லை.

நோயைப் பொறுத்தவரை, இங்கிருந்து கொண்டுபோவதைவிட வழியில் வாங்கிக்கொள்வதே கூடுதலாக இருந்திருக்கும். பிடிப்பவர், அடைப்பவர், லொறி ஓட்டுநர், விமானநிலையத் தொழிலாளி என்று ஒவ்வொரு கையிலும் ஒரு தடிமன் காத்திருக்கும். நெருக்கமும் பயமும் பட்டினியும் எதிர்ப்பாற்றலைக் கீழே இறக்கியிருக்கும். 1955 ஜனவரியில் இந்தியாவிலிருந்து ஏற்றப்பட்ட குரங்குகளில் 394, இலண்டன் விமானநிலையத்தில் மூச்சுமுட்டி இறந்தன. இந்தியா அந்த ஏற்றுமதியை 1978இல் முற்றாக நிறுத்திவிட்டது.

கேள்வி: கோட்டை வாசலுக்கு அண்மையில் இளநீர் விற்கிறேன். சனம் குடித்துவிட்டுப் போடும் கோம்பையையும் உறிஞ்சுகுழாயையும் குரங்குகள் எடுத்து வாயில் வைக்கின்றன. எனக்கோ அவற்றுக்கோ ஆபத்தா? குரங்கம்மை என்றும் ஒன்று சொல்கிறார்களே? (திருகோணமலை நகர், வியாபாரி)

பதில்: குரங்கம்மை என்ற பெயரும் ஒரு கூண்டுக் கதைதான். 1958இல் கோப்பன்ஹேகன் ஆய்வுகூடக் குரங்குகளில் முதலில் கண்டதால் அப்பெயர் ஒட்டியது. இயற்கையில் அதைச் சுமப்பவை பெரும்பாலும் ஆபிரிக்காவின் கொறிவிலங்குகள் என்றே கருதப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் ‘எம்பொக்ஸ்’ என்று பெயரை மாற்றியது. உங்கள் கடையடிக் குரங்குகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உங்கள் கடையை நானும் பார்த்திருப்பேன் என்று நினைக்கிறேன். சென்ற மாதம் அவ்வழியே போனபோது, கடுமையாக இருமிக்கொண்டிருந்த ஒருவர் பாதி குடித்த இளநீரை மதிலில் வைத்துவிட்டு நகர, தாய்க்குரங்கொன்று குழாயை உருவி, நுனியை நக்கி, வயிற்றில் தொங்கிய குட்டியின் வாயருகே கொண்டுபோனது. மான்கள் வெறுங்கோம்பையை நக்கிக்கொண்டிருந்தன. அந்த மனிதர் கையடக்கத் தொலைபேசியில் அதைப் படமெடுத்து மகிழ்ந்துகொண்டிருந்தார். ஆர்.எஸ்.வி. போன்றவை ஈரமான வழுவழுப்பான பரப்புகளில் சில மணி நேரம் உயிர்ப்போடு இருக்கக்கூடியவை என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

உங்களுக்குள்ள ஆபத்து மூச்சு வழியாக அன்று, பல் வழியாக. கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி வேண்டுமா என்று வைத்தியசாலையில் அன்றே கேளுங்கள். கையால் எதையும் நீட்டாதீர்கள். குழாய்களுக்கும் கோம்பைகளுக்கும் மூடியுள்ள ஒரு பீப்பாயை வாடிக்கையாளர் கண்ணிற் படும்படி வைத்து, மூடியின் மேல் ஒரு கல்லையும் ஏற்றிவையுங்கள். வெறும் மூடியை அவை இரண்டாம் நாளே திறந்துவிடும்.